ஐரோப்பிய அறிஞர்களும் நம் வாக்குரிமையும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தனர். எதைப்பற்றி எழுதலாம் என்று நெடுநாள் எண்ணமிட வேண்டிய நிலை நமக்கு ஏற்படவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு நாம் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்த விடை ஒன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. அவ்விடையைத் திருத்தி எழுதவே இக்கட்டுரையைப் பயன்படுத்திக் கொள்கிறோம்.

அன்றைய பாடம் பிரெஞ்சுப் புரட்சி. கரும்பலகையில் வால்டேர், மாண்டெஸ்கியூ, ரூசோ என்று மூன்று பெயர்களை எழுதி, "இவ்வறிஞர்களின் எழுத்துகளே மக்களாட்சிக்கு வித்திட்டன" என்று, பல்லாண்டுகளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியத்தையே அன்றும் சொன்னோம். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள். "அப்படியானால் எங்கள் தெருவுக்கு ஓட்டு வந்ததும் இவர்களால்தானா, ஐயா?" என்று வினவினாள். "ஆம்" என்றோம். மணி அடித்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த "ஆம்" நம்மை உறுத்திற்று. அச்சொல்லில் பாதி உண்மைதான் இருந்தது. மற்றப் பாதி எங்கே இருக்கிறது என்பதைத்தான் இளைஞர்களாகிய நீங்கள் அறிதல் வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பாவை முதலில் மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அரசன் ஆள்வது ஆண்டவன் கட்டளை என்றும், குடிகள் அடங்கி நடப்பது அவர்கள் பிறவிக் கடமை என்றும் குருமார் போதித்த காலம் அது. பிறப்பாலேயே ஒருவன் ஆள்பவன், பிறப்பாலேயே மற்றொருவன் அடங்குபவன் என்ற இக்கோட்பாட்டை நம் மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1651இல் இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ் இதற்கு ஒரு மாற்று விளக்கம் தந்தார். மக்கள் ஒருவரையொருவர் அஞ்சி, அமைதி வேண்டித் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு அதிகாரத்தை ஓரிடத்தில் ஒப்படைத்தனர். அதனால்தான் அரசு தோன்றிற்று என்றார். ஹாப்ஸ் மக்களாட்சியை விரும்பியவர் அல்லர். முடியாட்சிக்கு வக்காலத்து வாங்கவே அவ்வாறு எழுதினார். எனினும் அதிகாரத்தின் ஊற்று விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கிவிட்டது. ஆள்பவனின் உரிமை ஆளப்படுபவரின் இசைவிலிருந்து பிறக்கிறது என்னும் எண்ணம் கருக்கொண்டது. இந்த "இசைவு" என்னும் சொல்லை நினைவில் இருத்துங்கள். இக்கட்டுரை முழுவதும் நாம் அதன் பின்னேயே செல்லப் போகிறோம்.

இசைவின் வரலாற்றில் நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமானவர், நம் பாடநூல்களில் அதிகம் பேசப்படாத ஒருவர். ஆம்ஸ்டர்டாம் நகரில் யூத வணிகர் குடும்பத்தில் 1632இல் பிறந்த ஸ்பினோசா என்பவரே அவர். வேதநூலைப் பற்றித் தாமாகச் சிந்திக்கத் தொடங்கிய குற்றத்திற்காக, 1656ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவர்தம் சொந்தச் சமூகத்துப் பெரியோர்களே அவரை விலக்கி வைத்தனர். அவரோடு எவரும் பேசலாகாது, கடிதம் எழுதலாகாது, ஒரே கூரையின்கீழ்த் தங்கலாகாது, நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கலாகாது, அவர் எழுதியதைப் படிக்கலாகாது. அப்போது அவருக்கு வயது 23. இந்த ஆணையைக் கேட்கும் நம் மூத்தோர் எவருக்கும் உரை தேவைப்படாது. அவர் தம் எண்ணத்துக்காக விலக்கப்பட்டார். நம்மவர் தம் பிறப்புக்காக விலக்கப்பட்டனர் என்பதே வேறுபாடு. அவர் மனம் மாறினால் திரும்பிச் செல்ல வழி இருந்தது.

ஸ்பினோசா திரும்பிச் செல்லவில்லை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிட்டு, அக்கைத்தொழிலில் கிடைத்த வருவாயைக்கொண்டு எளிய வாழ்வு வாழ்ந்தார். 1670இல் தம் பெயரின்றி ஒரு நூலை வெளியிட்டார். மனிதனின் இயற்கையான விடுதலைக்கு மிக நெருங்கிய ஆட்சிமுறை மக்களாட்சியே என்றும், எண்ணவும் எண்ணியதைச் சொல்லவும் மக்களுக்கு உரிமை தருவதால் நாடு கெட்டுவிடாது என்றும் அந்நூலில் வாதிட்டார். அக்காலத்தில் இப்படி எழுதியவர் வெகு சிலர். ஆயினும் 1677இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் கிடந்த இறுதி நூலில் மக்களாட்சியில் யாருக்குக் குரல் உண்டு என்று சொல்ல வந்தபோது, பெண்களையும் ஏவலாளரையும் அவர் வெளியே நிறுத்திவிட்டார். பிறர் கைக்குள் இருப்பவர்களுக்கு ஆட்சியில் பங்கில்லை என்பது அவர் சொன்ன காரணம். நான்கு முழத் தொலைவில் தள்ளி வைக்கப்பட்ட மனிதரே பிறரைத் தள்ளி வைத்ததை முதன்முதலாகப் படித்தபோது, நமக்குச் சினம் வரவில்லை, துயரமே வந்தது.

இதற்கு முன்னரே இங்கிலாந்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தேறியிருந்தது. அரசனுக்கு எதிராகப் போரிட்ட நாடாளுமன்றப் படையினர், 1647ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், இலண்டனை அடுத்த பட்னி என்னும் ஊரின் தேவாலயத்தில் கூடி, இனி நாட்டை எவ்வாறு ஆள்வது என்று விவாதித்தனர். ரெயின்ஸ்பரோ என்ற தளபதி, இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரும் செல்வனைப் போலவே வாழ ஓர் உயிர் உண்டு. எனவே தான் இசைந்து அமைக்காத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்றார். கிராம்வெல்லின் மருமகனாகிய அயர்ட்டன் எழுந்து அதை மறுத்தார். நாட்டில் நிலைத்த சொத்து உடையவனுக்கே நாட்டின்மேல் அக்கறை இருக்கும். சொத்தில்லாதவனுக்கு வாக்களித்தால் அவன் சொத்துடையவனின் உடைமையைப் பறித்துக்கொள்வான் என்றார். அயர்ட்டன் கட்சியே வென்றது. அந்த வாதம் இருநூற்று எழுபது ஆண்டுகள் கடந்து கப்பலேறிச் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பின்னர்க் காண்போம்.

இனி ஜான் லாக். ஸ்பினோசா பிறந்த அதே 1632இல் பிறந்தவர். 1689இல் வெளிவந்த அவருடைய அரசியல் நூல், இசைவின்றி ஆள்பவன் கொடுங்கோலன் என்றும், நம்பிக்கைத் துரோகம் செய்யும் அரசை நீக்க மக்களுக்கு உரிமை உண்டு என்றும் முழங்கிற்று. அமெரிக்கர் 1776இல் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தில் லாக்கின் குரலைத் தெளிவாகக் கேட்கலாம். அவரை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் நூலில் ஒரு பகுதியை நம் இளைஞர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். "நான் எப்போது இசைவு தந்தேன்?" என்று குடிமகன் ஒருவன் கேட்டால் என்ன விடை? வாயால் சொல்லாவிட்டாலும் நடத்தையால் இசைவு தந்துவிட்டாய் என்கிறார் லாக். ஒரு நாட்டில் நிலம் வைத்திருப்பவன், ஒரே ஒரு வாரம் விடுதியில் தங்குபவன், ஏன், அந்நாட்டு நெடுஞ்சாலையில் தடையின்றி நடந்து செல்பவன்கூட அந்நாட்டு ஆட்சிக்கு மறைமுகமாக இசைந்தவனே ஆவான் என்பது அவர் கூற்று.

நெடுஞ்சாலையில் தடையின்றி நடப்பவன்! நம் முன்னோர் நடக்கக்கூடாத தெருக்கள் எத்தனை? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த வீதிகள் எத்தனை? ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கவும் பொதுச் சத்திரத்தில் ஓர் இரவு தங்கவும் விடப்படாத மக்கள், லாக்கின் இலக்கணப்படி பார்த்தாலே, எந்த அரசுக்கும் எக்காலத்தும் இசைவு தந்தவர்கள் அல்லர். லாக் நம்மை நினைத்து எழுதவில்லை. அவர் நினைத்திருக்க வேண்டிய மக்கள் அவருக்கு அருகிலேயே இருந்தனர். கரோலினா குடியேற்றத்துக்காக 1669இல் உருவான அடிப்படைச் சட்டத்தை எழுதுவதில் அவருக்குப் பங்கு உண்டு. கரோலினாவின் சுதந்திரக் குடிகளுக்குத் தம் கறுப்பின அடிமைகள்மேல் முழு அதிகாரம் உண்டு என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. அடிமை வாணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியிலும் அவர் பங்கு வாங்கியிருந்தார்.

பிரெஞ்சு அறிஞர் மூவரை விரைந்து கடந்து செல்வோம். அவர்களைப் பற்றிப் பள்ளி நூல்களிலேயே நிரம்பக் கிடைக்கும். வால்டேர் மதவெறியை எள்ளி நகையாடியவர். பொய்க்குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்ட கலாஸ் என்னும் வணிகரின் மாசு துடைக்க மூன்றாண்டு போராடி, 1765இல் வெற்றி கண்டவர். எனினும் பாமர மக்களின் ஆட்சியில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மாண்டெஸ்கியூ 1748இல், சட்டம் இயற்றுவோரும் ஆட்சி நடத்துவோரும் நீதி வழங்குவோரும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்று எழுதினார். நம் அரசியலமைப்பின் 50ஆம் பிரிவு நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்வது அவ்வழி வந்ததே. ஜெனீவா நகரின் கடிகாரத் தொழிலாளியின் மகனாகிய ரூசோ மட்டும் ஏழ்மையை உள்ளிருந்து அறிந்தவர். 1762இல் அவர் எழுதிய சமுதாய ஒப்பந்தம் என்னும் நூல் பிறந்த ஊரிலேயே தீக்கிரையாக்கப்பட்டது. ஒருவன் இன்னொருவனை விலைக்கு வாங்கும் அளவுக்குச் செல்வனாகவும், ஒருவன் தன்னையே விற்க வேண்டிய அளவுக்கு வறியவனாகவும் இருக்கலாகாது என்ற கருத்தை அந்நூலில்தான் காண்கிறோம். அக்கருத்துக்குப் பிறகு மீண்டும் வருவோம். ஆனால் அதே ரூசோ அதே ஆண்டில் வெளியிட்ட கல்வி நூலில், பெண்ணின் கல்வி ஆணுக்கு இனியவளாக இருக்கப் பழகுவதே என்றார்.

1789 ஆகஸ்டு 26ஆம் நாள் மனிதன் பிறப்பால் சமம் என்று பிரெஞ்சு மக்கள் மன்றம் அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் எழுதப்பட்ட 1791ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மூன்று நாள் கூலிக்கு ஈடான நேர்வரி கட்டும் ஆணுக்கு மட்டுமே வாக்கு என்றது. வீட்டு வேலையாளுக்கு அதுவும் இல்லை என்றது. செயலுரிமைக் குடிமகன், செயலுரிமையற்ற குடிமகன் என்று குடிமக்களையே இரு கூறாக்கியது. பெண்களுக்கும் உரிமை கேட்டு எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் என்னும் அம்மையார் 1793இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். பிரான்சின் கரும்புத் தோட்டத் தீவாகிய செயின்ட் தொமிங்கில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களோ எவர் இசைவுக்கும் காத்திராமல் 1791இல் எழுந்தனர். 1794இல் பாரிஸ் மன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதனை மீண்டும் கொணர்ந்தான். 1804 சனவரி முதல் நாள் அத்தீவு மக்கள் ஹெய்ட்டி என்ற விடுதலை நாட்டை நிறுவினர். "எல்லா மனிதரும்" என்று பாரிஸில் எழுதப்பட்ட சொற்களுக்கு உண்மையான பொருளைத் தந்தவர்கள் அக்கரும்புத் தோட்டத்துக் கூலிகளே என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் சிலர் குறுக்கிட்டு, "மக்களாட்சி நமக்கு ஐரோப்பியர் தந்ததா? உத்தரமேரூர்க் கல்வெட்டை மறந்தீரோ?" என்று கேட்கக்கூடும். மறக்கவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளில் குடவோலை முறை கூறப்படுவது பெருமைக்குரியதே. ஆனால் உறுப்பினராவதற்குரிய தகுதிகளையும் சேர்த்துப் படியுங்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலி வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அது அந்தணர் ஊரின் சபை. அயர்ட்டன் பட்னியில் பேசுவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய வாதம் நம் நாட்டுக் கோயில் சுவரில் எழுதப்பட்டிருந்தது. அந்நிலத்தில் ஏர் பிடித்தவர்களுக்குக் குடத்தில் ஓலை இல்லை.

இப்போது சென்னைக்கு வருவோம். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி 1920இல் சென்னை மாகாணத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி போன்றவற்றைக் கட்டுவோர்க்கே பெரும்பாலும் வாக்கு. நான்கு கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் ஏறத்தாழ 12½ இலட்சம் பேர்தாம். இதில் சாதியின் பெயர் எங்கும் இல்லை. சொத்து என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. நம் மக்களுக்கென்று பறையர், பள்ளர், சக்கிலியர், மாலர், மாதிகர் முதலிய ஒன்பது சமூகங்களையும் சேர்த்து ஐந்து நியமன இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆளுநர் பார்த்து அமர்த்துவார்; நம் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.சி. ராஜா அவ்வாறு அமர்ந்தவரே. நம் அருந்ததியர் சமூகத்தின் எல்.சி. குருசாமியும் அவ்வாறே அவைக்கு வந்தவர்.

1923இல் அந்த அவைக்கு நியமிக்கப்பட்டவர், நாம் தாத்தா என்று உரிமையோடு அழைக்கும் இரட்டைமலை சீனிவாசனார். அவருக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் உள்ள தொடர்பை இளைஞர்கள் பலர் அறியார். அவர் படித்தது கோயமுத்தூரில். நானூறு மாணவர்கள் பயின்ற அக்கல்லூரியில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, எவரோடும் பழகாமல், வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்துள்ளார். பள்ளி மணி அடிப்பதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவு வரும். அவ்வாறு ஒதுங்கி நின்ற அம்மாணவரே 1924இல் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கலாகாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1925இல் அது அரசிதழில் வெளியாயிற்று. லாக் சொன்ன நெடுஞ்சாலை நமக்குச் சட்டப்படி திறந்தது அப்போதுதான். ஊர்களில் திறந்ததா என்பது வேறு கதை.

அதன்பின் வந்தது இலண்டன் வட்டமேசை மாநாடு. 1930இல் அண்ணல் அம்பேத்கரும் தாத்தா சீனிவாசனாரும் தாழ்த்தப்பட்டோர் சார்பில் அங்குச் சென்றனர். இருவரும் சேர்ந்து அளித்த கோரிக்கை ஆவணம் ஒன்று உண்டு. அதன் அமைப்பைக் கவனித்தால் அதன் ஆழம் விளங்கும். "எங்களுக்கு இரக்கம் காட்டுங்கள்" என்று அது கேட்கவில்லை. தன்னாட்சி பெறப்போகும் இந்தியாவில் பெரும்பான்மையோர் ஆட்சிக்குத் தாழ்த்தப்பட்ட மக்கள் உட்படுவதற்கு இசைய வேண்டுமாயின், இன்னின்ன நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று அது வரிசைப்படுத்துகிறது. இசைவு! ஹாப்ஸ் தொடங்கி ரூசோ ஈறாக எல்லாரும் உருவகமாகப் பேசிய சமுதாய ஒப்பந்தத்தை, உண்மையான ஒப்பந்தமாகவே மேசைமேல் வைத்து, "எங்கள் கையெழுத்து இன்னும் விழவில்லை, எங்கள் நிபந்தனை இது" என்று கேட்ட மக்கள் உலக வரலாற்றில் நம்மைப்போல் வேறெவர் உளர் என்று நாம் வியந்ததுண்டு.

முதல் நிபந்தனை சமக் குடியுரிமை. மற்றொன்று சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது. ஊரில் உரிமை கேட்டவனுக்குக் கடையில் பொருள் தராமல், வேலை தராமல், வழி மறித்து, பட்டினி போட்டு அடக்கும் முறை போலீசின் தடியைவிடக் கொடியது என்பதை இருவரும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஸ்பினோசாவை விலக்கிய அந்த நான்கு முழத்தை ஐரோப்பிய அறிஞர் பெரும்பாலோர் அரசியல் உரிமையின் கேள்வியாக எண்ணவில்லை. அரசனிடமிருந்து குடிமகனைக் காப்பது எப்படி என்றே பெரிதும் எழுதினார்களேயன்றி, அண்டை வீட்டானின் புறக்கணிப்பிலிருந்து காப்பது எப்படி என்று அவ்வளவாக எழுதவில்லை. அந்த வினாவை எழுப்பியவர்கள் நம்மவர்கள். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்பதையும், 1928இல் சைமன் குழுவின் முன்பே கேட்டிருந்த அண்ணல், வட்டமேசையிலும் வற்புறுத்தினார்.

பூனா ஒப்பந்தத்தின் கதையை இம்மலரிலேயே வேறொருவர் எழுதக்கூடும். நாம் அதனுள் புகவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டமும் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர்க்கே வாக்களித்தது. சொத்தென்னும் வேலி முற்றிலும் அகன்றது நம் அரசியலமைப்பின் 326ஆம் பிரிவினால்தான். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து வி.ஐ. முனுசாமி பிள்ளையும் கக்கனும் தாட்சாயணி வேலாயுதன் அம்மையாரும் அமர்ந்திருந்தனர். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளர். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. ரூசோ பிறந்த சுவிட்சர்லாந்தில் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அத்தேர்தலில் வாக்களித்தவர்களுள் நம் பாட்டியாரும் ஒருவர். அதைப்பற்றி அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சின்னத்துக்குப் போட்டார் என்பதைச் சொன்னதே இல்லை. பண்ணையக்காரர் வீட்டுப் பெண்கள் நின்ற வரிசையிலேயே தாமும் நின்றதையும், மை வைத்த அலுவலரையும்தான் சொல்வார். "எங் கையத் தொட்டு மை வெச்சாங்க, கண்ணு" என்பார். விரலைப் பிடிக்காமல் மை வைக்க முடியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அண்ணல் கொலம்பியாவில் டூயியிடம் பயின்றவர். ஐரோப்பிய அறிஞர்களைக் கரைத்துக் குடித்தவர். இருந்தும் 1954இல் வானொலி உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் தம் கொள்கையைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாகக் கூறினார். இதனை வெறும் பெருமிதப் பேச்சென்று சிலர் ஒதுக்குவர். நாம் அவ்வாறு கருதவில்லை. மூன்றாவதாகிய சகோதரத்துவத்தை ஐரோப்பியச் சட்டம் எழுதியோர் கொடியில் எழுதினார்கள், விதியில் எழுதத் தெரியவில்லை. மனிதன் மனிதனைத் தொடலாம் என்பதே விதியாக எழுதப்பட வேண்டியிருந்த நாட்டில் அதற்கு வேறோர் ஊற்று தேவைப்பட்டது. 17ஆம் பிரிவு அவ்வாறு பிறந்தது.

ரூசோவின் கருத்துக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தோம். நம் பாட்டனார் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். மகள் திருமணத்திற்கென்று வாங்கிய சிறு தொகைக்குக் கைநாட்டு வைத்தார். அக்கடன் நம் தந்தையார் தோளில் ஏறிற்று. அந்தக் கைநாட்டு இசைவா? லாக்கைக் கேட்டால் ஒப்பந்தம் என்பார். ரூசோவைக் கேட்டால், தன்னை விற்கும் அளவுக்கு ஒருவன் வறியவனாக விடப்பட்ட இடத்தில் ஒப்பந்தம் ஏது என்பார். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. குறைந்த கூலிக்கும் கீழே ஒருவன் உழைக்க இசைந்தால், அது வறுமை பிடித்துத் தள்ளிய இசைவே. அது 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்புக்குப் பின்னரும் நம் வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டுக் காலம் விடுதியில் அடைபட்டு, முடிவில் கிடைக்கும் மொத்தத் தொகைக்காக உழைத்தனர். அப்படிப் போய், காலம் முடியுமுன் நோயுற்றுத் தொகையும் இன்றித் திரும்பிய நம் பழைய மாணவி ஒருத்தியை நாம் அறிவோம். அவள் தந்தையும் ஒரு தாளில் கையெழுத்திட்டிருந்தார்.

வாக்கு வந்த பின்னும் அந்தப் பழைய நிபந்தனைகள் நிறைவேறிவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளில் தனித்தொகுதித் தேர்தல் 1996 முதல் பத்தாண்டு நடைபெறவே விடப்படவில்லை. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை வெளிப்படையாகக் குற்றமென்று கூறும் விதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. 1930இல் இருவர் மேசைமேல் வைத்த நிபந்தனை சட்டத்தாளில் முழுமையாக ஏற 85 ஆண்டுகள் ஆயின. இளைஞர்களே, உங்களில் சட்டம் பயில்வோர் இவ்விதியின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரிவு 3, உட்பிரிவு 1.

ஆக, அம்மாணவியின் கேள்விக்கு நாம் இப்போது தரும் விடை இது: இசைவு என்னும் சொல்லை அவர்கள் எழுதினார்கள், அம்மா, அச்சொல்லுக்குள் நம் தெருவைச் சேர்த்து எழுதியது தாத்தாவும் அண்ணலும். மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது அவள் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். "எங்கள் லைன் வீட்டில் ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்களே, ஐயா, அவர்களுக்கு?"

திருப்பூரில் தங்கி, திருப்பூர்ச் சாலையில் நடந்து, திருப்பூர் பனியனைத் தைக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மக்கள் எத்துணையோ ஆயிரம் பேர். லாக்கின் கணக்கில் அவர்கள் நம் நகரின் ஆட்சிக்கு இசைந்துவிட்டவர்கள். வழக்கமாக வாழும் இடத்தில் பெயர் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. இருந்தும் அவர்களுள் மிகப் பலரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் கிடக்கிறது. தேர்தல் நாளில் பயணச் செலவுக்குப் பணம் இருப்பவர் போய் வருகிறார், மற்றவர் போவதில்லை. தண்ணீர் வரி, குப்பை, சாக்கடை எதிலும் இங்கே அவர்களைக் கேட்பாரில்லை. இதை எழுதும்போது நம் தெருவின் காட்சி ஒன்றும் கண்முன் வருகிறது, மறைப்பது முறையன்று. பொதுக் குழாயில் தண்ணீர் வரும் நாளில், நம்மவர் குடங்கள் எல்லாம் நிறைந்த பிறகே அவர்கள் குடத்தை வைக்க விடுகிறோம். யாரும் அதை விதியாக வகுத்ததில்லை. குடங்கள் தாமாகவே அப்படித்தான் வரிசைப்படுகின்றன. சென்ற வாரம் அம்மாணவி தன் குடத்தை ஒடிசாப் பெண்ணொருத்தியின் குடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். தெருவில் சிறு சச்சரவு ஆயிற்று. அவளை அதட்டிய பெரியவர்களுள் நம் வீட்டாரும் இருந்தனர்.